வண்டிக்கு முதுகைக் காட்டாதீர்கள்

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். என் அம்மாவுக்கு 61 வயது. முப்பது ஆண்டுகளாக மீன் விற்கிறார். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, வடக்கே மூன்று கிலோமீட்டர் நடந்து ஏலத்துக்குப் போவார். மீனை எடுத்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பார். சென்ற மாதம் இருட்டில், பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி இடித்துக் கீழே விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. பைக் நிற்கவில்லை. எண்ணும் தெரியாது. யாரிடம் போய்ச் சொல்வது என்று போலீசுக்கும் போகவில்லை. கட்டுப் பிரித்த மறுநாளே ஏலத்துக்குப் போவேன் என்கிறார். "இடப்பக்கமாகத்தான் போனேன், வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அதுதான்" என்பது அவர் கட்சி. வலப்பக்கம்தான் நடக்கவேண்டும் என்கிறார் என் கொழுந்தன். வீட்டில் தினமும் இதே வாக்குவாதம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனும் இதே சாலையில்தான் பஸ் ஏறி இறங்குகிறான். எந்தப் பக்கம் நடப்பது? ஊராக நாங்கள் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கொழுந்தன் சொல்வதே சரி. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். ஏலத்துக்குப் போகையில் கடல் பக்கம், திரும்பி வருகையில் கருவேலங்காட்டுப் பக்கம். இரண்டு வேளையும் அது அவருக்கு வலப்பக்கம்தான். ஆனால் இதை மட்டும் எழுதிக் கடிதத்தை மடித்துவிட்டால், உங்கள் அம்மாவுக்குப் பாதிப் பதில் சொன்னவனாவேன். வலப்பக்கம் நடப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு நடந்தால்தான் பலன்.

முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய வாத்தியார் தவறாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. இடப்பக்கமாகப் போ என்பது வண்டிக்கான விதி. சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் அதுவேதான். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் கடற்கரையோரம் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வண்டி போனால் அதிகம். நடப்பவர் எந்தப் பக்கம் நடந்தாலும் பிழைத்துக்கொண்டார். இன்று அதே தடத்தில் மீன் லாரியும் உப்பு லாரியும் சுற்றுலா வேனும் போகின்றன. சாலை மாறியபோது நடப்பவருக்கான பாடத்தை யாரும் மாற்றிச் சொல்லித்தரவில்லை. அந்தக் குறை சாலை போடும் எங்களைப் போன்றவர்களுடையது, அவருடையது இல்லை.

இடப்பக்கம் நடக்கும்போது நமக்கு மிக அருகில் போகும் வண்டி முதுகுப்புறமாக வருகிறது. ஓட்டுபவர் தூங்கி வழிகிறாரா, செல்போனில் பேசுகிறாரா, ஓரம் சாய்ந்து வருகிறாரா, எதுவும் நமக்குத் தெரியாது. எதிர்நோக்கி நடந்தால் தெரியும். ஒரு வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு வருவதைக் கண்டதும் மண்ணில் இறங்கிவிடலாம். பின்லாந்தில் 2006 முதல் 2010 வரை நடந்த விபத்துகளை ஆராய்ந்தவர்கள், வண்டியை எதிர்நோக்கி நடந்தவர்கள் அடிபட்டது மற்றவர்களைவிடச் சராசரியாக 77 விழுக்காடு குறைவு என்று கணக்கிட்டார்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் அவர்கள் இடப்பக்கம் நடக்கிறார்கள். முகம் வண்டியைப் பார்த்திருக்கவேண்டும் என்பதுதான் எங்கும் கணக்கு.

உங்கள் அம்மாவுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சும்மாடு வைத்துக் கூடையைத் தலையில் ஏற்றியபின் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்க முழு உடம்பையும் திருப்பவேண்டும். அதற்குள் வண்டி வந்துவிடும். சட்டென்று துள்ளி ஒதுங்கவும் முடியாது, மீன் சிதறிவிடும் என்ற நினைப்பு காலைப் பிடித்துக்கொள்ளும். தலைச்சுமையோடு நடப்பவர் முன்னால் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், ஆபத்து முன்னாலிருந்து வரும்படி நடப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

இனி அந்த மறைந்த ஆபத்து. நம் கடற்கரைச் சாலை இரண்டு தடச் சாலை. நடுவில் தடுப்பு இல்லை. அம்மா வலப்பக்கம் நடக்கும்போது, அவருக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று விரட்டி வந்தால், முந்துகிற வண்டி வலது தடத்துக்கு ஏறும். அதாவது அவர் நடக்கும் பக்கத்துக்கு, அதுவும் முதுகுப்புறமாக. எதிரே வண்டி இல்லாமல் சாலை காலியாகக் கிடக்கும் நேரத்தில்தான் பின்னால் வருபவர் முந்தத் துணிவார். ஆகவே "எதிரே ஒன்றும் வரவில்லை, நிம்மதியாகத் தார்மேல் நடக்கலாம்" என்று நினைக்கும் அதே கணம்தான் கவனம் வேண்டிய கணம். பின்னாலிருந்து நீளமாக ஹாரன் கேட்டாலோ, இரண்டு எஞ்சின்களின் சத்தம் சேர்ந்து கேட்டாலோ, தாரை விட்டு மண்ணில் இறங்கி நிற்கவேண்டும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது பின்னால் வரும் லாரியின் சத்தம்கூடக் காதுக்கு வந்து சேராது. அந்த நாட்களில் தார்மேல் ஏறவே கூடாது, ஓரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

நாலரை மணி இருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். உங்கள் அம்மா விழுந்ததற்குப் பாதிக் காரணம் பக்கம் என்றால், மீதிப் பாதி வெளிச்சம்.

இருட்டில் நடப்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வண்டியின் முகப்பு விளக்கு நம் கண்ணைக் கூசுகிறது, நம்மேல் வெளிச்சம் விழுகிறது, ஆகவே ஓட்டுபவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடுகிறோம். அவர் பார்க்கவில்லை. கரும்பச்சையோ அரக்கோ உடுத்திய ஒருவரை, விளக்கைத் தாழ்த்தி ஓட்டுகிற ஓட்டுநர் ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவுக்கு வந்தபிறகுதான் கண்டுகொள்வார். சாலையை வடிவமைக்கும்போது நாங்கள் கையாளும் அளவு ஒன்று இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, பிரேக்கை மிதித்து, முழுவதும் நிற்க 80 மீட்டர் வேண்டும். வேகம் 80 என்றால் 120 மீட்டர். 100 என்றால் 180 மீட்டர். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த கணக்கு இது. 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. 30 மீட்டரில் கண்டுகொண்டவருக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது. நல்ல ஓட்டுநராகவே இருந்தாலும் அவரால் நிறுத்த முடியாது. குறைகிற 50 மீட்டரை நடப்பவர்தான் சம்பாதித்துக்கொள்ளவேண்டும்.

அதற்கு வழி மலிவானது. பைக் உதிரிபாகக் கடையில் ரேடியம் ஸ்டிக்கர் என்று விற்கிறார்களே, அது. லாரியின் பின்புறம் சிவப்பாக ஒட்டியிருக்கும் பட்டையும் அதே இனம்தான். வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளியிருந்து பட்டையைப் பாருங்கள். வந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி எறிந்தால் நல்ல பட்டை. லேசாக மினுங்கினால் வேண்டாம். நல்ல பட்டை 150 மீட்டருக்கு அப்பாலிருந்தே ஓட்டுநரின் கண்ணில் படும்.

அதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதுகில் பெரிதாக ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அசையாமல் மின்னும் ஒரு புள்ளியைக் கண்டால் அது மைல்கல்லா, கம்பமா, நிறுத்தி வைத்த வண்டியா என்று ஓட்டுநருக்குப் பிடிபடாது. கணுக்காலில் கட்டினால் கதையே வேறு. இரண்டு பட்டைகள் மாறிமாறி மேலும் கீழும் போவதைக் கண்டதும், அது நடக்கிற மனிதக் கால் என்று எந்த மூளையும் உடனே அறிந்துகொள்ளும். ஆகவே இரண்டு அங்குல அகலத் துணிப்பட்டையில் ஸ்டிக்கரைத் தைத்து, கொலுசு அணிவதுபோல இரண்டு காலிலும் கட்டிவிடுங்கள். சேலைக் கரைக்குக் கீழே தெரியவேண்டும். கையிலும் ஒன்று, வளையலுக்கு மேலே. அன்னக்கூடையின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டினால் அது தலைக்கு மேலே இன்னோர் அடையாளம். உப்புத்தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டார்ச் எடுத்துப் போவது நல்லது. ஒளி தரையில் விழவேண்டும், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக் கூடாது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் நெருங்கி வரும்போது, ஒருவர் விளக்கு மற்றவரின் கண்ணைக் குருடாக்கிவிடுகிறது. அவை ஒன்றையொன்று கடக்கிற இடத்தில் யார் நின்றாலும் இருவருக்குமே தெரியாது. அந்த இடம் நமக்குப் பக்கத்தில் அமையப்போகிறது என்று தெரிந்தால், வண்டிகள் கடந்து முடியும்வரை மண்ணில் நில்லுங்கள்.

இன்னொன்று. நம் சாலையில் விடியற்காலை வண்டி ஓட்டுகிறவர்களில் பலர் இரவெல்லாம் ஓட்டி வந்தவர்கள். வேளாங்கண்ணியில் கும்பிட்டுவிட்டு இராமேசுவரத்துக்குப் போகிறவர்கள், தேவிபட்டினம் நவபாஷாணத்தில் விடியலில் முழுக வருகிறவர்கள், அக்னி தீர்த்தத்தில் சூரியன் உதிக்கும் முன் இறங்கவேண்டும் என்று விரைகிறவர்கள். அமாவாசை நாட்களில், முக்கியமாக ஆடி, புரட்டாசி, தை மாதங்களில், இந்தக் கூட்டம் பல மடங்கு. மூன்று மணிக்கும் ஐந்தரை மணிக்கும் இடையில் உடம்பு தூங்கத்தான் கேட்கும். முடிந்தால் அந்த மூன்று அமாவாசைகளுக்கு மட்டுமாவது அம்மா வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து சரக்கு ஆட்டோவோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போகட்டும். மற்ற நாட்களிலும் தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகப் போகலாம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவது கூடாது. ஒருவர் பின் ஒருவராகவே நடக்கவேண்டும்.

வளைவுகளுக்கும் பாலங்களுக்கும் தனிக்கவனம் வேண்டும். வலப்பக்கமாகத் திரும்பும் குறுகலான வளைவில், உட்புறம் முள்செடி அடர்ந்திருந்தால், எதிரே வருபவருக்கு நாம் கடைசிக் கணம் வரை தெரியமாட்டோம். அங்கே மட்டும் வளைவுக்கு வெகுமுன்பே கடந்து இடப்பக்கம் போய், வளைவு முடிந்தபின் திரும்பி வாருங்கள். ஓடைப் பாலங்களில் கைப்பிடிச் சுவர் தாரை ஒட்டியே நிற்கும், ஒதுங்க இடமே இராது. ஏறுமுன் நின்று, இரண்டு பக்கமும் விளக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் ஏறி, நடுவில் நிற்காமல் கடந்துவிடுங்கள். பெரிய பஸ்ஸோ கன்டெய்னர் லாரியோ ஓரமாகக் கடக்கும்போது காற்று ஒரு தள்ளுத் தள்ளி, பின்னர் இழுக்கும். தலையில் பாரம் இருந்தால் அந்த இழுப்பில் நிலை தடுமாறும். அப்போது நடக்கவேண்டாம், காலைச் சற்று அகட்டி ஊன்றி நின்றுவிடுவது நல்லது.

உங்கள் ஊர்ப் பெண்கள் குடத் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறார்களா என்று எழுதவில்லை. சாயல்குடி, கடலாடிப் பக்கம் அது அன்றாடக் காட்சி. வண்டி தள்ளினால் அது வண்டிதான், இடப்பக்க ஓரமாகத்தான் போகவேண்டும். ஆகையால் பின்னால் வருபவருக்குத் தெரியும்படி வண்டியின் பின்சட்டத்தில் சிவப்புப் பட்டை ஒட்டவேண்டும். இருட்டு நேரத்தில் ஒருவர் தள்ள, மற்றவர் பின்னால் டார்ச்சோடு வருவது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலையில், விபத்து நடந்த இடத்தில் அளவெடுக்கப் போலீசாருடன் போயிருந்தேன். ஆறு குடங்கள் சாலை முழுதும் உருண்டு கிடந்தன. ஒரு செருப்பு வண்டியின் பக்கத்திலும் மற்றது இருபதடி தள்ளி முள்ளுக்குள்ளும் கிடந்தது. தண்ணீர் காய்ந்துவிட்டது, ஈரத்தடம் மட்டும் மண்ணில் இருந்தது. அந்த அம்மாள் தார் விளிம்பில்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஏனென்றால் மண்ணில் இறங்க வழியில்லை. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடிப் பள்ளம். சில மாதங்களுக்கு முன் அந்தச் சாலைக்குப் புதுத் தார் போட்ட வேலையை மேற்பார்த்தவன் நான். தாரின் உயரம் கூடியது, ஓரத்துக்கு மண் நிரப்பும் வேலை அடுத்த மதிப்பீட்டுக்குத் தள்ளிப்போயிற்று. கையெழுத்துப் போட்டவன் நானே. அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

அதற்கு முன் உங்கள் மகன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று மதிப்பிடும் திறன் முழுமையாக வந்திருக்காது. "பார்த்துப் போ" என்று சொல்வது போதாது, அவன் பார்ப்பான், ஆனால் தவறாகக் கணிப்பான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடக்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் கொடியது. பஸ்ஸின் மறைவிலிருந்து வெளிப்படும் பிள்ளையை, பஸ்ஸை முந்துகிற பைக்காரர் காணவே முடியாது. இறங்கியதும் ஓரத்தில் நிற்கவேண்டும், பஸ் புறப்பட்டுப் போய் இரண்டு பக்கமும் சாலை தெளிவாகத் தெரிந்தபின் கடக்கவேண்டும். இதை வாயால் சொல்லாமல், ஒரு வாரம் நீங்களே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க் கையைப் பிடித்து நின்று காட்டுங்கள். பிறகும் கடக்கும்போது பெரியவர் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகப்பையிலும் காலிலும் அதே பட்டை.

இப்போது போலீஸ். தயவுசெய்து இந்த வாரமே போங்கள். இடித்தவர் யாரென்று தெரியாவிட்டால் புகாரால் என்ன பயன் என்று எண்ணவேண்டாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். வண்டி எண் தெரியாது என்பதுதான் இந்தத் திட்டத்தில் சேர்வதற்கான தகுதியே. முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அங்கே விசாரித்துப் பரிந்துரைத்ததும், மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார். எழுத்தில் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள், பிறகு முதல் தகவல் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நாள் கடந்துவிட்டதே என்று கேட்டால், அம்மா வலியோடு மருத்துவமனையில் இருந்தார் என்ற உண்மையைச் சொல்லுங்கள். பின்னர் வண்டி அடையாளம் தெரிந்துவிட்டால், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச்செய்யச் சொல்கிறது சட்டம்.

ஊரில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும், அரசே தன் செலவில் தருகிறது. 'இன்னுயிர் காப்போம்' என்ற பெயரில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சியாக வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டுமே என்ற பயத்தில் ரத்தம் வழிய விட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊராகச் செய்யவேண்டியது இனி. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். இத்தனை பேரும் பக்கம் தெரியாமல் நடந்ததால் இறக்கவில்லை. நடக்க இடமில்லாததாலும் இறந்தார்கள். சாலை என்பது தார் மட்டும் இல்லை. தாருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் மண் ஓரமும் சாலைதான். எங்கள் தொழிலில் அதைப் பெர்ம் என்போம். அதன்மேல் சீமைக்கருவேலம் ஏறிவிட்டால் நடப்பவர் தாருக்குத் தள்ளப்படுகிறார். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை பிறப்பதற்குள் அது ஓர் ஆள் உயரம் வளர்ந்துவிடும். வெட்டிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவார்கள். தரையோடு வெட்டினால் கட்டை ஈட்டிபோல நின்று காலைக் கிழிக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கி, குழியை மூடி, கிராவல் போட்டு இறுக்கவேண்டும். இந்தச் சொற்களையே மனுவில் எழுதுங்கள். "ஓரம் சரியில்லை" என்று எழுதினால் "சரிசெய்யப்பட்டது" என்று பதில் வரும்.

மனுவுக்கு முதலில் சாலை யாருடையது என்று தெரியவேண்டும். மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முள் அடைத்திருக்கிறது, எங்கே தார் விளிம்புப் பள்ளம், எந்தப் பாலத்தில் ஒதுங்க இடமில்லை, தினமும் எத்தனை பேர் எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதை நாலைந்து பேராகப் போய் ஒரு காலைப்பொழுதில் எண்ணி எழுதிவிடலாம். ஊர் முனையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் அகலத்துக்கு நடக்கத்தக்க ஓரம் வேண்டும் என்று கேளுங்கள். நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் அது. இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் கடக்கலாம். ஒரு பக்கம் மட்டும் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் நடக்கவேண்டியவர்கள் நீங்கள். நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த ஆணை அது. அந்த வரியையும் சேருங்கள்.

கிராமசபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது அடுத்து வருகிறதோ அதில். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர் என்பதால், மனுவை அந்தக் குழுவின் முன் வைக்கவேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஆண்கள் மட்டும் போகாதீர்கள். தினமும் அந்த ஓரத்தில் நடக்கிற உங்கள் அம்மாவைப் போன்ற பெண்கள் நான்கு பேர் போகட்டும். எந்தப் பாலத்தில் எப்படி நின்றோம் என்று அவர்கள் சொல்வதை எந்தப் பொறியாளரும் மறுத்துப் பேச முடியாது.

அம்மா மறுபடி ஏலத்துக்குப் போவதைத் தடுக்கவேண்டாம். முப்பது ஆண்டுகள் தன் காலில் நடந்து குடும்பத்தை நிறுத்தியவர். ஆனால் கட்டுப் பிரித்த மறுநாளே கூடையைத் தூக்கக் கூடாது. தலைக்கூடையைத் தாங்கிப் பிடிக்க வலுவில்லாத கையோடு தார் ஓரத்தில் நடப்பது ஆபத்து. எத்தனை வாரம் கழித்துப் பாரம் தூக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வாரங்களுக்குள் காலுக்குப் பட்டை தைத்துவிடலாம், மனுவும் தயாராகிவிடும்.

மைல்கல் எண்களோடு மனுவின் நகலை இதே முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.